ஏரி சீரமைக்க வரும் நகரத்து நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். விடுமுறை நாளையும் கைக்காசையும் செலவழித்து செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளைச் சீரமைக்க வருகிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கரையில் ஏறி நின்றதும் நீங்கள் தண்ணீரையும் பறவையையும் பார்க்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறுபக்கம் திரும்பிக் கழனியைப் பார்ப்பார்கள். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு, மிகுதி நீர் வழியும் கலங்கல், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலம் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்கு ஏரி. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசும் முன்பே பொக்லைன் இறங்கிவிடுகிறது. அதுதான் என் கவலை.

கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியைப் பார்த்து, செத்துப்போச்சு என்று வருத்தப்படுகிறீர்கள். சித்திரை, வைகாசியில் எங்கள் ஏரிகள் வற்றுவது வழக்கம்தான். தண்ணீர் குறையும்போது மீன்பிடிப்பு நடக்கும். காய்ந்த உள்வாயில், அதாவது ஏரியின் உள்பரப்பில், புல் முளைக்கும். ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களின் ஆடு மாடுகளுக்கு அதுதான் மேய்ச்சல். வண்டலை வெட்டிக் கழனிக்கு அடிப்பதும் அப்போதுதான். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கட்டும் என்று கிண்ணம் போலத் தோண்டினால் இது அத்தனையும் போய்விடும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாகக் கழனிக்குப் பாயாது. நிலத்தடி நீர் ஊறும் என்பீர்கள். சரி, ஊறும், ஆனால் அதை இறைக்கக் கிணறும் மோட்டாரும் வேண்டும். சரிவு செங்குத்தாகிவிட்டால் தண்ணீர் குடிக்க இறங்கும் மாட்டுக்கு முன்கால் வழுக்கும். நீங்கள் படம் பிடிக்கும் நத்தை குத்தி நாரைக்கும் ஆழமான தண்ணீர் ஆகாது, அது நின்று இரை தேடும் பறவை.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். சரணாலயம் என்ற பேச்செல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிழைப்புக்காகக் காத்தார்கள் என்பதால் அந்த அக்கறை எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காக ஊர்க்காரர்கள் எல்லோரையும் உயர்த்திப் பேச வரவில்லை. வரத்துக்காலை மடக்கிக் கழனியோடு சேர்த்துக்கொண்டவர்கள் எங்களிலும் உண்டு. ஏரி நிரம்பாததற்குப் பல ஊர்களில் ஏரிக்குள் படிந்த தூரைவிட அதுதான் பெரிய காரணம். ஊருக்குள் உறவுமுறை பார்த்து நாங்கள் கேட்கத் தயங்குவதை, வெளியிலிருந்து வரும் நீங்கள் கேட்கலாம். வருவாய்த்துறை ஆவணங்களைப் பார்த்து, மனு போட்டு அளக்க வையுங்கள். உங்கள் படிப்பும் தொடர்பும் அங்கேதான் எங்களுக்குத் தேவை.

அப்புறம், வேலை தொடங்கும் முன் ஆயக்கட்டுக்காரர்களோடும், மாடு மேய்ப்பவர்களோடும், மீன் பிடிப்பவர்களோடும் ஒருநாள் ஏரியைச் சுற்றி நடந்து வாருங்கள். எந்த இடத்தில் எவ்வளவு தோண்டலாம் என்பதை மதகு மட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கம்பிவேலி போட்டால் மாடு இறங்கும் வழியை விட்டுவிடுங்கள். வெட்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டாகக் குவிக்காமல் விவசாயிகளுக்குக் கொடுங்கள். நடைபாதைக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் மதகுக் கதவைச் சரிசெய்யுங்கள். பல ஏரிகளில் அது துருப்பிடித்து மூட முடியாமல் கிடக்கிறது.

அன்புடன்,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்