ரூடஸ்ஹைமில் கொடியும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில் ஜெர்மனியின் ரூடஸ்ஹைம் ஊரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். 'குடிமகன்களின் சொர்க்கம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தீர்கள். படத்தில் ஒரு சந்து, சந்து நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கோப்பை. கட்டுரை முழுவதும் தேடிப் பார்த்தேன். திராட்சைக் கொடி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தஞ்சாவூரைப் பற்றி எழுதியது போல இருந்தது.

நான் தேனி மாவட்டம் சுருளிப்பட்டியில் இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருப்பவள். கல்யாணமாகி வந்த நாள் முதல், முப்பத்தாறு வருடமாக, பந்தலுக்குக் கீழேதான் என் வாழ்க்கை. சென்ற ஆண்டு மகளின் பேறுகாலத்துக்காக ஃபிராங்க்ஃபர்ட் போய்க் கிட்டத்தட்ட மூன்று மாதம் இருந்தேன். பத்தியச் சமையலும் குழந்தைக் குளிப்பாட்டலுமாக நாட்கள் போய்விட்டன. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, "அத்தை வந்ததற்கு ஒரு திராட்சைத் தோட்டமாவது பார்க்க வேண்டாமா" என்று மாப்பிள்ளை எல்லாரையும் கிளப்பினார். காலையில் போய் இரவில் திரும்பிவிட்டோம். ஊருக்கு வந்ததும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "ஒயின் குடித்தாயா?" என்பதுதான். குடிக்கவில்லை. என்ன குடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். வீஸ்பாடன் தாண்டியதும் இடது பக்கம் ரைன் ஆறு, வலது பக்கம் கொடி. வடக்கே போக வேண்டிய ஆறு, மலை குறுக்கே நிற்பதால் இந்த இடத்தில் மேற்கே திரும்பி முப்பது கிலோமீட்டர் போல ஓடுகிறது. அதனால் வடகரைச் சரிவு முழுவதும் தெற்கு வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திராட்சைக்கு அது குளிர்ப் பிரதேசம். இந்தத் திருப்பம் மட்டும் இல்லாவிட்டால் அங்கே ரீஸ்லிங் என்ற அந்தப் பழம் பழுக்கப் பெரும்பாடு பட்டிருக்கும்.

வழியில் யோஹானிஸ்பெர்க் மாளிகையை மாப்பிள்ளை காட்டினார். அந்தக் காலத்தில் அது ஃபுல்டா மடத்தின் சொத்து. அறுவடை தொடங்க மடத்துத் தலைவரின் அனுமதி குதிரையில் வர வேண்டும். 1775இல் அனுமதியோடு வந்தவன் பல நாள் தாமதம். பழம் கொடியிலேயே அழுகிச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் அதைப் பிழிந்தார்களாம். அதுவரை இல்லாத சுவையில் ஒயின் வந்தது என்று இன்றுவரை பெருமையாகச் சொல்கிறார்கள். தாமதமாக அறுப்பதற்கென்றே 'ஷ்பேட்லேஸே' என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அழுகிய பழத்தை நான் எங்கள் வியாபாரியிடம் காட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்து கைசன்ஹைம். 1872இல் தொடங்கிய திராட்சை, தோட்டக்கலை ஆய்வு நிலையம் இருக்கும் ஊர். இப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது. இங்கேதான் சுவிட்சர்லாந்தின் தூர்காவ் பகுதியிலிருந்து வந்த ஹெர்மன் முல்லர் 1882இல் இரண்டு ரகங்களைக் கலந்து ஒரு புது ரகத்தை உருவாக்கினார். அவர் பெயரிலும் அவர் ஊர்ப் பெயரிலும் அதற்கு முல்லர்-தூர்காவ் என்று பெயர். தாய் ரீஸ்லிங், தகப்பன் சில்வானர் என்றே நூறு ஆண்டுக்கு மேல் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். மரபணுச் சோதனை வந்த பிறகுதான் தகப்பன் வேறு, மதலேன் ரோயால் என்ற பழம் என்று தெரிந்ததாம். ஒரு கொடிக்குத் தகப்பன் யாரென்று இத்தனை வருடம் கழித்தும் விடாமல் தேடியிருக்கிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது.

ரூடஸ்ஹைமில் இறங்கியதும் ரயில்வே கேட்டில் நின்றோம். ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்டவாளம். ஒரு சரக்கு ரயில் போய் முடிவதற்குள் அடுத்தது வருகிறது. மக்கள் எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் நிற்பது போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்த்ததும் அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

நீங்கள் படம் போட்ட சந்தின் பெயர் ட்ரோசல்காசே. கட்டுரையில் அரை கிலோமீட்டர் நீளம் என்று இருந்தது. 144 மீட்டர்தான், நான் நடந்தே பார்த்தேன், இருநூறு காலடி சொச்சம் வைத்தால் முடிந்துவிடுகிறது. கருங்கல் பாவிய தரையில் குழந்தை வண்டி தடதடத்ததில் பேத்தி விழித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பக்கமும் பாட்டுக்கச்சேரி, பிராந்தியைக் கொளுத்தி அதில் காபி ஊற்றித் தருகிற கடை. கூட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. உங்கள் நிருபர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் போல.

மகளையும் பேத்தியையும் ஆற்றோரப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானும் மாப்பிள்ளையும் மேலே போனோம். 1954இலிருந்து ஓடுகிற கம்பிவடக் கூண்டு வண்டி. ஒரு கூண்டில் இரண்டு பேர். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் மாப்பிள்ளையோடு சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அன்றைக்கு முழங்கால் இடிக்க ஒரே கூண்டில், காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் பத்து நிமிடம். இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டே போனோம். கீழே பார்த்ததும் எனக்குக் கூச்சமும் பயமும் மறந்துவிட்டன.

பந்தலே இல்லை. எங்கள் ஊரில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கொடியைப் படரவிட்டுப் பழத்தை நிழலில் தொங்கவிடுவோம். அங்கே இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் வேலி போலக் கம்பி. கொடி நேராக மேலே ஏறுகிறது. பழம் இருக்கும் இடத்தில் இலையைக் கிள்ளிவிட்டிருக்கிறார்கள், வெயிலும் காற்றும் படட்டும் என்று. நாங்கள் எந்த வெயிலுக்குப் பயந்து பழத்தை மறைக்கிறோமோ அந்த வெயிலுக்காக அவர்கள் பழத்தைத் திறந்து காட்டுகிறார்கள். எங்களுக்குக் கவாத்து வெட்டி நான்கு மாதத்தில் பழம். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருக்கும். அவர்களுக்கு வருடத்துக்கு ஒரே அறுப்பு. குளிர்காலத்தில் கவாத்து வெட்டினால் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பனியோ ஆலங்கட்டியோ விழுந்தால் அந்த வருடமே போச்சு.

மேலே ஜெர்மானியா என்ற பெரிய சிலை. 1871இல் நாடு ஒன்றானதன் நினைவாக எழுப்பி 1883இல் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பேரரசரைக் கொல்ல வெடி வைத்திருந்தார்களாம். முதல் நாள் இரவு பெய்த மழையில் திரி நனைந்து, வெடிக்கவில்லை. நான் சிலையை அதிக நேரம் பார்க்கவில்லை. அங்கிருந்து கிழக்கே சரிவில் இரட்டைக் கோபுரத்தோடு ஒரு மடம் தெரிந்தது. ஹில்டகார்ட் என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியின் பெயரில் உள்ள கன்னியர் மடம். சுற்றிலும் அவர்களுடைய திராட்சை. அந்தச் சகோதரிகளே கொடி வளர்த்து ஒயினும் செய்து விற்கிறார்கள். குடிமகன்களின் சொர்க்கத்தில் அவர்களை எங்கே வைப்பீர்கள்?

இறங்கும்போது கூண்டில் ஏறாமல் தோட்ட வழியே நடந்தோம். என் பிடிவாதம்தான். பாதி வழியில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. வரிசைகள் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக ஓடுகின்றன. மண் என்று சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் உடைந்த கல். பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கல் மாலை வரை வைத்திருக்கும் என்று கேள்விப்பட்டதால் குனிந்து தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், இட்லிப் பானை மூடியைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. வாளி வாளியாக அறுத்து, முதுகில் மாட்டிய பெரிய கூடையில் கொட்ட, அதைச் சுமந்துகொண்டு ஒருவர் கீழே இறங்குகிறார். கால் வழுக்கினால் கூடையோடு போக வேண்டியதுதான்.

அறுத்தவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மாப்பிள்ளை ஜெர்மன் மொழியில் பேச, அவளுக்கும் அது அரைகுறை. ருமேனியாவிலிருந்து ஒவ்வொரு வருடமும் அறுப்புக்கு வருகிறவளாம். "அத்தையும் திராட்சை விவசாயி" என்று மாப்பிள்ளை சொன்னதும், அவள் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்கோல் பிடித்த காய்ப்பு ஆள்காட்டி விரலடியில் இருக்கிறதே, அதைத் தேடித்தான். இருந்தது. தன் கையையும் காட்டினாள். ஒரு சிறு குலையை வெட்டிக் கொடுத்தாள். பழம் சுண்டைக்காய் அளவுதான், நெருக்கமாக, விதையோடு. முதலில் புளிப்பு, பிறகு தேன். எங்கள் பன்னீரை அவளுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று இருந்தது. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததையும், புத்தகத்தில் அந்தப் பழத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர் இருப்பதையும் சொல்லச் சொன்னேன். ஹாம்பர்க் என்றதும் அவளுக்குச் சிரிப்பு.

கீழே ஒரு வீட்டு வாசலில் இலைக் கொத்து ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு ஸ்ட்ராஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். திராட்சை வைத்திருப்பவர், தன் தோட்டத்து ஒயினைத் தன் வீட்டிலேயே, தனி உரிமம் வாங்காமல் பரிமாறலாம். ஆனால் வருடத்துக்கு நான்கு மாதம்தான், நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது, எளிய சாப்பாடுதான் போடலாம். மகளையும் பேத்தியையும் அங்கே வரவழைத்தோம். எனக்கு ஒரு கோப்பை திராட்சைச் சாறு. கொண்டுவந்து வைத்தவர் காலையில் தோட்டத்தில் நின்றிருக்க வேண்டும், நகக்கண்ணில் கறை. விலையைக் கரும்பலகையில் சாக்கட்டியால் அவரே எழுதியிருந்தார். என்னை உலுக்கியது அதுதான். என் பழத்துக்கு நான் விலை எழுதியதே இல்லை. பந்தலுக்குக் கீழே வந்து நிற்கிற வியாபாரி சொல்வார், நாங்கள் கேட்டுக்கொள்வோம். மழை வரும்போல இருந்தால் இன்னும் இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்வார்.

ஒரு கூத்தும் நடந்தது. பாதி நொதித்த திராட்சைச் சாற்றை அந்தப் பருவத்தில் ஃபெடர்வைசர் என்று விற்கிறார்கள். உள்ளே பொங்கிக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள், பாட்டிலை நிமிர்த்தியே வைக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பாட்டில் வாங்கிக் குழந்தை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டார். வீஸ்பாடன் வருவதற்குள் பேத்தியின் மாற்றுத் துணி முழுவதும் இனிப்பாக நனைந்து, பெட்டி முழுவதும் வாசம். எதிரே இருந்த பெரியவர் மூக்கை உறிஞ்சிக் குழந்தையைப் பார்த்துப் புன்னகைத்தார். அன்று ரூடஸ்ஹைமில் குடித்துவிட்டு வந்தவள் இரண்டு மாதக் குழந்தை ஒருத்திதான்.

உங்கள் நிருபர் மறுபடியும் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் பிப்ரவரியில் போகச் சொல்லுங்கள். சந்தில் பாட்டுச் சத்தம் குறைவாக இருக்கும். சரிவில் ஆட்கள் குளிரில் கவாத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் சுருளிப்பட்டிக்கு வரட்டும், அடுத்த கவாத்து பத்து நாளில் தொடங்குகிறோம். ஆள் உயரமானவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் பந்தல் தாழ்வு, குனிந்துதான் உள்ளே வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு திராட்சை விவசாயி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.