விசா கிடக்கட்டும், படகு எத்தனை மணிக்கு?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த பத்தியிலேயே குடும்பத்தோடு மாலத்தீவு போகப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதை இரண்டு தடவை படித்தேன். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கே கடைசி நாளில்தான் பணம் கட்டுவாய் நீ. எப்படியோ, உன் பையன் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறான். யோசிக்காமல் கிளம்பு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாள், அதுவும் நிறுத்தாமல். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருக்கும் ஒரே வகுப்பு அவள்தான். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்துப் படங்களை எடுத்துக் காட்டினேன், கடலைத் தவிர வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசாவுக்கு எந்தத் தூதரகத்தில் வரிசையில் நிற்பது என்று கேட்டிருந்தாய். எங்கும் நிற்க வேண்டாம். மாலத்தீவில் ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் விமானத்திலிருந்து இறங்கியதும் 30 நாள் சுற்றுலா அனுமதியை இலவசமாகவே முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு அவர்கள் பார்ப்பது, பாஸ்போர்ட், திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தை உறுதி செய்த தாள், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்பது. பாஸ்போர்ட் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதுதான் அங்கத்திய விதி. ஆனாலும் சில விமான நிறுவனங்கள் ஆறு மாதம் கேட்கும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் தேதியை இன்றைக்கே எடுத்துப் பார்.

இன்னொரு வேலை இருக்கிறது. 'இமுகா' என்று ஒரு பயணப் படிவம். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். திரும்பும்போதும் அதே போல ஒன்று. மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் தளத்தில் இதற்குக் காசு கிடையாது. 'நாங்கள் நிரப்பித் தருகிறோம்' என்று கட்டணம் கேட்கிற தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். உன் பையனிடம் சொல்லி வை.

விசாக் கதை இவ்வளவுதான். நீ கேட்காமல் விட்டதுதான் பெரிய கதை: விமானத்திலிருந்து இறங்கியதும் எந்தப் படகில் ஏறப் போகிறாய்?

சிரிக்காதே. அந்த நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள், வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பது 200க்கும் குறைவான தீவுகளில். விமான நிலையமே ஹுல்ஹுலே என்கிற தனித் தீவு. வெளியே வந்தால் டாக்ஸி நிற்கும் இடத்தில் படகுத்துறை இருக்கும். நம் ஊர்க்காரர்கள் திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிட்டு, அதன் பிறகு தங்கும் தீவுக்குப் போய்ச் சேர அரை நாள் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் தீவைத் தேர்ந்தெடு, அந்தத் தீவின் படகு நேரத்தைக் கேள், அதற்குப் பொருந்துகிற விமானத்தைக் கடைசியாகப் பிடி. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், மலிவான டிக்கெட் கிடைத்தது என்று.

கடல் விமானம், அதாவது தண்ணீரிலேயே ஏறி இறங்குகிற சின்ன விமானம் என்றால் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். மாலையில் போய் இறங்கினால் அன்று இரவு தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ அறை எடுக்க வேண்டியதுதான். ஹுல்ஹுமாலே நல்ல இடம். விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே போகலாம், மாலேக்கும் 2018இல் பாலம் வந்துவிட்டது. கடல் விமானத்துக்குப் போகவர ஆளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் ஆகும் என்பதால் உனக்கு அது தேவையா என்று பார்த்துக்கொள். அரசுப் படகு மிகவும் மலிவு, ஆனால் மெதுவாகப் போகும், வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. வெள்ளியும் சனியும்தான் அங்கே வார விடுமுறை. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடைகளும் மூடிக் கிடக்கும். ஆகவே வெள்ளியன்று போய் இறங்காதே.

இன்னொரு வேடிக்கை. மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். ஆனால் சில ரிசார்ட்டுகள் விருந்தினருக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவுக்குள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துக்கொள்ளும். திரும்பும் படகுக்கு நேரம் சொன்னால், அது மாலே நேரமா தீவு நேரமா என்று கேட்டுக்கொள்.

அம்மாவை நினைத்தால்தான் எனக்குக் கவலை. விரைவுப் படகு அலையில் எழும்பி எழும்பி விழும். முன்பக்கம் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும், பின்வரிசையில் உட்கார வை. ஏறி இறங்கும்போது படகு ஆடிக்கொண்டே இருக்கும். படகுக்காரப் பையன்கள் கை கொடுப்பார்கள், பொறுமைசாலிகள், ஆனால் புது மூட்டுக்கு அந்த ஒரு எட்டு பெரிய எட்டு. அதனால் தூரத்துத் தீவெல்லாம் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து அரை மணி, முக்கால் மணிப் படகுத் தூரத்தில் மாஃபுஷி மாதிரித் தீவுகள் இருக்கின்றன, விருந்தினர் இல்லங்கள் நிறைய. 2009 வாக்கில்தான் ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளில் இப்படி விருந்தினர் இல்லம் நடத்த அனுமதித்தார்கள். அதற்கு முன்னால் வெளிநாட்டார் என்றால் ரிசார்ட்டுதான், ஊர்க்காரர் முகத்தையே பார்க்காமல் திரும்பிவிடுவார்கள். குமட்டல் மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே கொடு.

அம்மாவின் மருந்துகளைத் திரும்பி வந்த பிறகும் சில நாள் வருகிற அளவுக்கு எடுத்துக்கொள், மருத்துவர் சீட்டோடு. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை இருந்தால் அந்தச் சீட்டு கட்டாயம் கையில் இருக்கட்டும். சின்னத் தீவில் சுகாதார மையம் மட்டும்தான் இருக்கும், அவசரம் என்றால் அங்கிருந்தும் படகுதான். பயணக் காப்பீடு எடுக்கும்போது அந்தப் படகுச் செலவையும் தருவார்களா என்று கேள்.

பெட்டி அடுக்கும்போது தங்கச்சியிடம் சொல்: சாமி விக்கிரகம் வேண்டாம். அந்த நாட்டுச் சுங்க விதியில் வழிபாட்டு விக்கிரகங்களுக்கு அனுமதி இல்லை. அம்மாவுக்குப் பாராயணம் எல்லாம் மனப்பாடம்தானே, குறை ஒன்றும் வராது. பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது. விமான நிலையக் கடையில் பாட்டில் வாங்கும் ஆசை உன் பையனுக்கு வந்தாலும் மாலேயில் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள், திரும்பும்போதுதான் கிடைக்கும். ஊர்த்தீவுகளில் மது எங்கும் கிடையாது. உடையும் அப்படித்தான், தோளும் முழங்காலும் மறைய இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. வெளிநாட்டார் நீச்சல் உடையில் குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். கரையில் கிடக்கும் பவளத்தையும் சங்கையும் பேத்திக்கு என்று எடுத்து வந்துவிடாதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

சாப்பாடு உனக்குக் கொஞ்சம் சிரமம். காலையில் 'மஸ் ஹுனி' என்று தேங்காய்த் துருவலும் சூரை மீனும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். எனக்கு அது அமிர்தம். நீ சைவம். நம் தூத்துக்குடிக்காரர்கள் ஆசையாகச் சமைக்கிற மாசிக் கருவாடு அந்தக் கடலிலிருந்துதான் வருகிறது என்றால் அவர்கள் சமையலில் மீன் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள். அறை பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கேள். ரமலான் மாதம் என்றால் ஊர்த்தீவுகளில் பகலில் உணவகம் மூடியிருக்கும், அதையும் நாள்காட்டியில் பார்.

பணத்தை டாலராகக் கொண்டு போ. அறை வாடகையைப் பார்த்துக் கணக்கு முடிந்தது என்று நினைக்காதே. 'பசுமை வரி' என்று ஓர் இரவுக்கு ஆளுக்கு 6 டாலர், சின்ன விருந்தினர் இல்லத்தில். ரிசார்ட்டில் 12. 2025 ஜூலையிலிருந்து சுற்றுலாச் சரக்கு சேவை வரி 17 சதவீதம். சேவைக் கட்டணமும் தனி. எல்லாம் சேர்த்து இறுதித் தொகை என்ன, படகுக் கட்டணம் அதில் உண்டா என்று ஒரே மின்னஞ்சலில் கேட்டு வாங்கு.

பருவம்? ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. மே வந்துவிட்டால் தென்மேற்குக் காற்று, படகு தாமதம், சில நாள் படகே இல்லை. பள்ளி விடுமுறை என்று உன் பையன் மே கடைசியில் டிக்கெட் பார்ப்பதாக எழுதியிருந்தாயே, அம்மா வருகிறார்கள் என்றால் அது வேண்டாம். அவர்கள் வரவில்லை என்றால் போகலாம், அறையும் மலிவாகக் கிடைக்கும்.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் விமானம் இறங்கும் நேரத்தையும் தீவின் பெயரையும் எனக்கு எழுது. அங்கே என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது படகு ஓட்டுகிறார்கள், விசாரித்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்