விண்டோஸ் 10 கணினியில் லினக்ஸ் போடும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்ற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை புராசஸராவது இருக்க வேண்டும். கடைகளிலும் வீடுகளிலும் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 4-ஆம், 6-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகள் இந்தக் கணக்கில் தள்ளுபடி ஆகிவிடுகின்றன. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தர முடியுமா என்று பலர் கேட்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் புராசஸரைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டைப் பார்க்கச் சொல்கிறோம்: தினமும் எந்த மென்பொருளைத் திறக்கிறீர்கள், மேசையில் எந்த பிரின்டர் இருக்கிறது. மாற்றியவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்.

டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள் அந்தக் கணினியை மாற்ற வேண்டாம். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக டேலி திறந்தாலும், அடுத்த பதிப்பு வந்ததும் எது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஒரு வருடக் கணக்கை அப்படி ஓர் இடத்தில் வைக்கக் கூடாது. பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப் வைத்து டி.டி.பி. வேலை செய்பவர்களுக்கும், யூ.எஸ்.பி. டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்து போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வோம். பிரவுசர், மெயில், பில் டைப் செய்வது, பிள்ளைகளின் படிப்பு, யூடியூப், வீடியோ கால் என்ற அளவில் இருப்பவர்களுக்குத் தடை எதுவும் இல்லை. ஜி.எஸ்.டி. தளமும் வங்கித் தளங்களும் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ விண்டோஸில் திறப்பது போலவே திறக்கும்.

பிரின்டர் விஷயம் கொஞ்சம் விரிவாக. எச்.பி. லேசர்ஜெட் 1020 ஊரெங்கும் இருக்கிறது. தன்னை இயக்கும் ஃபர்ம்வேரை அது உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் எச்.பி.லிப் என்ற டிரைவர் தொகுப்பு தயாராக இருக்கும். ஆனால் ஃபர்ம்வேர் தனி பிளகினாக வருவது; அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், எச்.பி.லிப்பின் பதிப்பும் பிளகினின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளகின் இல்லாவிட்டால் பிரின்ட் முடிந்தது என்று திரை சொல்லும், தாள் வராது. கேபிள் போய்விட்டது என்று பலரும் நினைப்பது இதைத்தான். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இப்படி ஆனால் பிளகினை மறுபடி போட்டாலே போதும்.

கேனான் எல்.பி.பி. 2900 இன்னும் சிக்கல். அதன் கேப்ட் டிரைவர் பழையது. போட்டு முடித்தாலும், பிரின்டரை அணைத்துப் போட்டதும் பின்னணிச் சேவையை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஐம்பது பிரதி எடுக்கும் கடைக்கு இது சரிப்படாது. எப்சனின் எல் வரிசை டேங்க் பிரின்டர்களுக்கு எப்சனின் லினக்ஸ் டிரைவரே கிடைக்கிறது, தொல்லை குறைவு. டாட் மேட்ரிக்ஸும் ஓடும், ஆனால் எழுத்தைப் படமாக அடிப்பதால் மெதுவாக ஓடும்.

நாங்கள் போட்டுத் தருவது லினக்ஸ் மின்ட் 22 வரிசை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது. 2029 வரை அப்டேட் உண்டு, உரிமக் கட்டணம் இல்லை. ரேம் 4 ஜி.பி. என்றால் இலகுவான எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு, 8 ஜி.பி. என்றால் சின்னமன். லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்று நம்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குரோமில் பத்து டேப் திறந்தால் எந்த சிஸ்டமாக இருந்தாலும் 4 ஜி.பி. ரேம் நிரம்பிவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் மெதுவாகத்தான் இருக்கும். செலவு செய்வதானால் முதலில் 240 அல்லது 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி., அதற்கடுத்து ரேம்.

எஸ்.எஸ்.டி. வாங்குவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதில் மட்டும் லினக்ஸ் போடலாம். பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம், ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தவறான டிஸ்க்கில் அழுத்தி போட்டோக்களை இழக்கும் ஆபத்தும் இல்லை. பிடிக்கவில்லையா, சாட்டா கேபிளைப் பழைய டிஸ்க்கில் செருகினால் விண்டோஸ் இருந்தபடியே வரும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் லெகசி, யு.இ.எஃப்.ஐ. என்ற பூட் முறைத் தேர்வை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் இரண்டில் ஒன்று பூட் ஆகாது. லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால், பயாஸில் கை வைக்கும் முன் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று இன்ஸ்டாலர் சொன்னால், பயாஸில் சாட்டா முறை ‘ரெய்டு’ என்று இருக்கிறதா பாருங்கள்; ‘ஏ.எச்.சி.ஐ.’ ஆக்கினால் தெரியும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். மின்ட் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. பென் டிரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழிந்துவிடும். பூட் மெனு வர டெல், லெனோவாவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, எம்.எஸ்.ஐ. போர்டில் எஃப்11. ஏசர் லேப்டாப்பில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் ‘எனேபிள்’ செய்ய வேண்டும். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முழு டெஸ்க்டாப்பும் பென் டிரைவிலிருந்தே ஓடும். அதில் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பென் டிரைவ் மெதுவானது. வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், ஸ்லீப் போட்டு எழுப்பினால் திரை வருகிறதா, இவற்றைப் பாருங்கள்.

வைஃபை வரவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் அல்லது ரியல்டெக் சிப். போனைக் கேபிளில் இணைத்து ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ போட்டால் இணையம் உடனே வரும். பிராட்காம் சிப்பாக இருந்தால் அதன் பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து, காட்டும் டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்பு இயங்கும் கணினியில் இடையில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும், ‘என்ரோல் எம்.ஓ.கே.’ தேர்ந்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அந்தத் திரை சுமார் 10 வினாடிதான் காத்திருக்கும். அதைத் தவறவிட்டால் டிரைவர் போட்டும் வைஃபை வராது.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு ஒரே கணினியில் இரண்டும் வேண்டும் என்பவர்கள் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். டி டிரைவை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், கோப்பைச் சேமிக்க விடாது. கடிகாரமும் குழம்பும். லினக்ஸ் போர்டின் கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே விண்டோஸுக்குள் போனதும் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பயாஸ் பேட்டரி போய்விட்டதென்று மாற்றிவிடாதீர்கள். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்குத் திருப்பும் கட்டளை ஒன்று இருக்கிறது, நாங்களே கொடுத்துத் தருகிறோம்.

தமிழ் தட்டச்சு பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்றவை விண்டோஸுக்கானவை. இங்கே சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைப் போட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்க வேண்டும். தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஆங்கில எழுத்தில் ஒலிப்பு முறை, மூன்றும் அதில் உண்டு. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். லாக் அவுட் செய்ய மறந்தால் பட்டியலில் தமிழ் வராது.

யூனிகோடில் அடித்த கோப்புகள் வேர்டு போன்ற லிபர் ஆபிஸில் திறக்கும். ஆனால் லதா, நிர்மலா எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்டுடையவை. அவை இல்லாத இடத்தில் நோட்டோ அல்லது லோஹித் வரும். அகலம் மாறுவதால் நான்கு பக்க விண்ணப்பம் ஐந்தாகலாம். அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருக் கோப்பையே கொண்டுவந்து நிறுவினால்தான் தமிழாகத் தெரியும். இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

போட்டபின் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற கருவி சிஸ்டத்தின் பழைய நிலையைச் சேமித்து வைக்கும். உங்கள் கோப்புகளை வழக்கமான அமைப்பில் அது எடுப்பதில்லை, அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். தினமும் மாதமும் என்று எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டால் சிறிய எஸ்.எஸ்.டி. நிரம்பும். நிரம்பினால் பாஸ்வேர்டு சரியாக அடித்தாலும் லாகின் திரைக்கே திரும்பித் திரும்பி வரும். வாரத்துக்கு ஒரு முறை, கடைசி இரண்டு நகல் மட்டும் என்று வைத்தால் போதுமானது.

எங்களிடம் கொண்டுவரும்போது மானிட்டர் வேண்டாம், சி.பி.யு. மட்டும் போதும். பிரின்டரைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், அதன் பவர் கார்டோடும் யூ.எஸ்.பி. கேபிளோடும். வைஃபைக்கு யூ.எஸ்.பி. டாங்கிள் பயன்படுத்தினால் அதையும்.

இப்படிக்கு,
உங்கள் கணினி விற்பனை, சர்வீஸ் நிலையத்தார்