ஞாயிறு மன்றாட்டில் கலெக்டருக்கும் ஓர் இடம்

பிரியமுள்ள சாமுவேலுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மதினிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி பிறந்தும் மழை போக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஆராதனையில் சபையார் சார்பில் பிறருக்காக வேண்டுகிற மன்றாட்டு ஜெபத்தை நடத்தும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது, சபைக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபிக்க வருகிறது, அரசாங்கம் என்று ஆரம்பித்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறாய். புகழ்ந்தால் ஒரு பெஞ்சு சிரிக்கிறது, குறை சொன்னால் எதிர்ப் பெஞ்சு முறைக்கிறது. இதற்குப் பயந்து பாதிப் பேர் "நாட்டுத் தலைவர்களையும் ஆசீர்வதியும்" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு நோயாளிகள் பட்டியலுக்கு ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டியதில்லை.

முதலில், ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ளவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிற 1 தீமோத்தேயு 2:1-2ஐ எடுத்து வை. விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று நாலு சொல் வருகிறது. மூன்றாவதாக வருகிற "வேண்டுதல்" கிரேக்கத்தில் என்தியூக்ஸிஸ். எகிப்தை தாலமி வம்சத்தார் ஆண்ட காலத்துப் பாப்பிரஸ் தாள்களில் இதே சொல் ராஜாவுக்குக் குடிமக்கள் எழுதிக் கொடுத்த புகார் மனுவுக்குப் பெயராக இருக்கிறது. அதாவது நம்மூர் பாஷையில் மனு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிறோமே, அதேதான். அந்தக் கலெக்டரைப் பற்றியே கலெக்டருக்கும் மேலே இருக்கிறவரிடம் மனு கொடுக்கிறோம். இது மனதில் பதிந்தால் பாதிச் சிக்கல் தீரும். மனுவில் யாரும் அதிகாரியைப் புகழ்ந்து பாட்டு எழுதமாட்டான், திட்டவும் மாட்டான். என்ன வேண்டும், யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

வசனத்தில் சொன்ன நோக்கத்தையும் கவனி. "கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்" என்றுதான் இருக்கிறது. நமக்குப் பிடித்தவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று இல்லை. பவுல் எழுதினது என்ற மரபுப்படி பார்த்தால் ரோமில் அப்போது நீரோ ஆட்சி. "ராஜாக்கள்" என்ற சொல்லுக்குள் அவனும் அடக்கம்.

ஆதிச் சபை இதை எப்படிச் செய்தது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கி.பி. 96 வாக்கில் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன கிளெமெந்தின் நிருபத்தின் முடிவில் ஆளுகிறவர்களுக்காக ஒரு ஜெபம் உண்டு. கேட்பது நாலே காரியம்: நலம், சமாதானம், ஒருமனம், உறுதி. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கி.பி. 197இல் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினது இன்னும் விவரமானது. ராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, நீண்ட ஆயுள், பத்திரமான ஆட்சி, ஆபத்தில்லாத வீடு, திடமான படை, உண்மையுள்ள செனட், நேர்மையான ஜனம், அமைதியான உலகம் என்று ஏழு வரம். எண்ணிப் பார், முதல் மூன்றுதான் ஆளுக்கு. மற்ற நாலும் படை, செனட், ஜனம், உலகம். ஆளை விட்டு அமைப்புக்கு நகர்ந்துவிடுகிறார். ராயனைத் தேவன் என்று சொல்லமாட்டோம் என்றும் அதே புத்தகத்தில் அடித்துச் சொல்கிறார். அவருக்காக ஜெபிக்கிறோம், அவரிடம் ஜெபிக்கமாட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோமப் பூசாரிகளுக்கு வார்த்தை பிசகாமல் எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்பான். எங்களுக்கு அப்படி ஆள் வேண்டாம், நெஞ்சிலிருந்து ஜெபிக்கிறோம் என்று தெர்த்துல்லியன் பெருமையடிக்கிறார். நீ அந்தப் பெருமைக்கு ஆசைப்படாதே. பேப்பரில் எழுதிக்கொண்டு போ. எழுதாமல் அரசாங்கத்துக்காக ஜெபிக்கிறவர்கள் மூன்றாவது வாக்கியத்தில் அன்றைய டிவி விவாதத்துக்குள் போய் விழுவார்கள்.

எழுதுவதற்கு நம் பழைய ஜெபப்புத்தகத்துச் சுருக்க ஜெபத்தின் அச்சு போதும். அதில் ஐந்து உறுப்பு. தேவனை விளிப்பது, அவர் யார் அல்லது என்ன செய்கிறவர் என்று ஒரு சொல், வேண்டுதல், அது எதற்காக என்ற நோக்கம், கிறிஸ்து மூலமாய் என்ற முடிவு. மாதிரிக்கு ஒன்று:

"ஏழையின் வழக்கை விசாரிக்கிற தேவனே, எங்கள் மாவட்ட ஆட்சியருக்காகவும் வருவாய்த்துறையில் வேலைசெய்கிற யாவருக்காகவும் மன்றாடுகிறோம். மனுவோடு வந்து நிற்கிறவர்களின் பேச்சை முழுவதும் கேட்கிற பொறுமையை அவர்களுக்குத் தாரும். கைம்பெண்ணும் முதியவரும் பல தடவை அலையாமல் தங்களுக்குரியதைப் பெற்றுக்கொள்ளும்படி, எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம்."

இதில் புகழ்ச்சி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் தாலுகா ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டி கண்முன் வந்துவிடுகிறாள். "நல்லாட்சி தாரும்" என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அந்த உத்தியோகத்தின் வேலை என்ன, அதில் எந்த இடத்தில் ஆள் சறுக்குவான், சறுக்கினால் யாருக்கு அடி விழும் என்ற மூன்றையும் யோசித்துவிட்டு எழுது. நீதிபதிக்கு என்றால் தாமதமும் முகதாட்சணியமும். போலீசுக்கு என்றால் கோபமும் தூக்கமின்மையும். ரேஷன் கடைக்காரருக்கு எடை. 72ஆம் சங்கீதம் முழுக்க இப்படித்தான் போகிறது. ராஜாவுக்கு நீதியைத் தாரும் என்று ஆரம்பித்து, உடனே சிறுமைப்படுகிறவர்களிடமும் ஏழையின் பிள்ளைகளிடமும் வந்துவிடுகிறது.

அளவு சொல்கிறேன். மன்றாட்டு முழுவதும் ஐந்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. அரசாங்கத்துக்கு அதில் ஒரு நிமிஷம், அதாவது இரண்டு வேண்டுதல், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது சொல். ஒன்று மேல்மட்டத்துக்கு, ஒன்று உள்ளூருக்கு. பிரதமர், முதல்வர் என்று மேலேயே நிற்கிறவர்கள் பஞ்சாயத்துத் தலைவரையும் ஆரம்ப சுகாதார நிலைய நர்சையும் மறந்தே போகிறார்கள். நம் தண்ணீரும் தெருவிளக்கும் அவர்கள் கையில்தானே இருக்கிறது?

வேண்டுதலுக்குப் பிறகு மௌனம். இதை விட்டுவிடாதே. கத்தோலிக்கர் பெரிய வெள்ளியன்று செய்கிற பத்து மன்றாட்டுகளில் இது அழகாக அமைந்திருக்கிறது. இன்னாருக்காக மன்றாடுவோம் என்று ஓர் அழைப்பு, பிறகு எல்லாரும் மௌனம், அதன் பிறகே குருவானவர் சொல்லும் ஜெபம். ஒன்பதாவது மன்றாட்டு நாட்டை ஆளுகிறவர்களுக்கு. (அவர்களுடைய பழைய புத்தகத்தில் அந்த இடத்தில் பேரரசருக்கான ஜெபம் இருந்தது. 1806இல் புனித ரோமப் பேரரசே இல்லாமல் போன பிறகும் அது அச்சில் கிடந்தது, 1955 சீர்திருத்தத்தில்தான் ஆளுகிறவர்கள் யாவருக்கும் என்று மாறியது. நம் சபைகளில் மாற்றலாகிப் போன அதிகாரி பேரை இரண்டு வருஷம் வாசிப்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) நீ மனதுக்குள் ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக எண்ணு. முதல் தடவை சபை இருமும், மைக் கெட்டுவிட்டதா என்று பார்க்கும். மூன்று வாரத்தில் பழகிவிடும். அந்த இருபது எண்ணுக்குள் ஆளுங்கட்சிக்காரனும் எதிர்க்கட்சிக்காரனும் ஒரே ஆளுக்காக ஜெபிக்கிறார்கள், நீ ஒரு வார்த்தையும் சேர்க்காமலே. பிறகு வழக்கமான பதிலுரை. "கர்த்தாவே, உம்முடைய இரக்கத்தினாலே" என்று நீ சொன்னால் சபை "எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்று சொல்கிறதென்றால் அதையே வை. புதுப் பதிலுரை கண்டுபிடித்தால் ஜனங்கள் வேண்டுதலை விட்டுவிட்டு எப்போது பதில் சொல்வது என்றே காத்திருப்பார்கள்.

தவறு எங்கே வரும்? பெரிய தவறு, தேவனுக்குச் செய்தி வாசிப்பது. "ஆண்டவரே, விலைவாசி ஏறியிருக்கிறது உமக்குத் தெரியும், போன வாரம் நடந்த ஊழலையும் நீர் பார்த்தீர்" என்று போனால் அது கூரைக்கு மேலே போகாது, எதிர்ப் பெஞ்சுக்குத்தான் போகும். இன்னொன்று, நம் கல்லறைத் தோட்டம், நம் ஆலயக் கட்டட அனுமதி, நம் பள்ளிக்கூட மானியம் என்று நம் கோரிக்கை மட்டும் கேட்பது. கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அது மாத்திரம் என்றால் எரேமியா 29:7 கழன்றுவிடுகிறது. சிறைபிடித்துக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காகவே விண்ணப்பம் பண்ணச் சொன்னான் எரேமியா, அதிலும் பாபிலோனுக்காக. தலைவர்கள் மனந்திரும்ப வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் ஆத்துமாவைப் பற்றியது, அவர்கள் மேஜையில் கிடக்கிற கோப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜெபத்தின் உறைக்குள் சாபத்தைச் சொருகுவது எல்லாவற்றிலும் மோசம். 2009இல் அமெரிக்காவில் "ஒபாமாவுக்காக ஜெபியுங்கள், சங்கீதம் 109:8" என்று வண்டியில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். வேதத்தைத் திறந்து பார், "அவன் நாட்கள் கொஞ்சமாவதாக, அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்" என்று இருக்கும். அடுத்த வசனம் அவன் பிள்ளைகளைப் பற்றியது, நான் எழுதவில்லை.

இந்த ஒரு நிமிஷ ஜெபத்துக்கு எத்தனை கனம் உண்டு என்று நினைக்கிறாய்? எருசலேம் ஆலயத்தில் தினம் ராயனுக்காகவும் ரோம ஜனத்துக்காகவும் பலி செலுத்தி வந்தார்கள். கி.பி. 66இல் ஆலயத் தலைவன் எலெயாசார் அதை நிறுத்தினான், ரோமரோடு யுத்தத்துக்கு அதுவே அஸ்திவாரம் என்கிறார் யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ். அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776 ஜூலை 4 அன்றே பிலடெல்பியாவின் கிறிஸ்து ஆலயக் கமிட்டி கூடி, ஜெபப்புத்தகத்தில் இங்கிலாந்து ராஜாவுக்கான வேண்டுதல்களை விட்டுவிடத் தீர்மானித்தது. 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் அலபாமா பிஷப் வில்மர், இங்கே நடப்பது ராணுவ ஆட்சி, ஜனாதிபதிக்கான ஜெபத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்றார். ராணுவத் தளபதி பிஷப்பையும் குருமாரையும் ஆராதனை நடத்தவே கூடாது என்று தடுத்துவிட்டார். சில மாதத்தில் அந்த ஆணை ரத்தானது. ஜெபி என்று துப்பாக்கி வைத்துச் சொல்ல முடியாது என்பது ஒரு பக்கம். நீ விட்டுவிட்ட ஜெபமும் ஊர் காதில் விழும் என்பது இன்னொரு பக்கம். ஆகையால் ஆட்சி மாறின வாரம் ஜெபத்தை நீட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். போன முதல்வருக்கு எத்தனை சொல்லோ இவருக்கும் அத்தனை.

பெயர் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். பதவியைச் சொல்லு, பெயர் வேண்டுமானால் ஒரு தடவை, பட்டம் அடைமொழி இல்லாமல். "மாண்புமிகு" ஆராதனையில் வேண்டாம். தேவனுக்கு முன்னால் எல்லாரும் "உம்முடைய ஊழியக்காரர்" தான். கட்சிப் பெயர் ஒருபோதும் வேண்டாம். எதிர்க்கட்சித் தலைவரையும் சேர்த்துக்கொள், சட்டசபையின் 234 பேரும் நம் உறுப்பினர்கள்தானே. எம்.எல்.ஏ. கிறிஸ்துமஸுக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் எழுதி வைத்ததை மாற்றாதே. பொன்னாடையெல்லாம் ஆசீர்வாதம் முடிந்த பிறகு, வெளியே.

தேர்தல் அறிவித்துவிட்டால் கூடுதல் கவனம். வழிபாட்டு இடத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது நடத்தை விதி. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)இன்படி மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது முறைகேடு. மத நிறுவன வளாகத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988இல் தனிச் சட்டமே வந்தது. "கர்த்தருக்குப் பிரியமானவரை ஜெயிக்கச் செய்யும்" என்ற வாக்கியத்துக்கு உன் பெஞ்சுகள் எல்லாம் ஒரு வேட்பாளரின் முகத்தை மாட்டிவிடும். அதற்குப் பதிலாக முந்தின நாளே வாக்குச்சாவடிக்குப் போய்ப் பாய் விரித்துப் படுக்கிற வாத்தியார்களுக்காக, காவலுக்கு நிற்கிறவர்களுக்காக, தோற்றவர் அமைதியாக வீடு போகும்படி ஜெபி.

வருஷம் முழுக்க என்ன சொல்வது என்ற கவலையும் வேண்டாம். நாட்காட்டியே தரும். பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட், கணக்குப் போடுகிறவர்களுக்காக. மார்ச்சில் பொதுத்தேர்வு, கல்வித்துறைக்காக. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை நாட்கள், அதற்கு முந்தின ஞாயிறு பஞ்சாயத்துக்காக. ஜெபித்தவர்கள் கிராம சபைக் கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தால் நல்லது. ஐப்பசி கார்த்திகையில் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர்களுக்காக. பள்ளிக்கூட டைரி அளவு நோட்டு ஒன்றில் பதவிப் பட்டியலை எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் யார் மாற்றலாகிப் போனார் என்று சரிபார்.

மார்ட்டின் லுத்தர் கேள்வி-பதிலாக எழுதின வேதபாட நூலாகிய சிறிய ஞானோபதேசத்தில் "அன்றன்றுள்ள அப்பம்" என்பதன் விளக்கத்தில் சாப்பாடு, உடை, நல்ல காலநிலையோடு நல்ல அரசாங்கமும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கிறது. பெரிய ஞானோபதேசத்தில் அவர் இன்னொன்றும் சொல்கிறார்: பிரபுக்கள் தங்கள் கேடயச் சின்னத்தில் சிங்கத்துக்குப் பதில் ரொட்டி ஒன்றை வரைந்துகொண்டால் பொருத்தமாயிருக்கும் என்று. உங்கள் ஊர் ரேஷன் கடைச் சுவரைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

முதல் ஞாயிறுக்கு எழுதுகிறதை வியாழக்கிழமைக்குள் தபாலில் போடு, அல்லது போட்டோ எடுத்து அனுப்பு. உரக்க வாசித்து மணி பார்த்துவிட்டு அனுப்பு. மதினி கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விடச் சொல், ஒரு மாதம் அடுப்புப் புகை ஆகாது.

அன்புடன்,
ஞானமுத்து