காசைத் தொடலாமா, கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்காசு சேகரிப்பு குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், காசுகளைக் கையால் தொடவே கூடாது என்றும், வாங்கிய அன்றே பிளாஸ்டிக் உறையிலிட்டு மூடிவிட வேண்டும் என்றும் கூறப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காசு சேர்த்து வருபவன் என்ற முறையில், அந்த அறிவுரையில் பாதி மட்டுமே சரி என்பதையும், எந்த உறை என்று பாராமல் அதைக் கடைப்பிடித்தால் காசுக்கே கேடு வரும் என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என் தந்தையார் விட்டுச்சென்றவற்றுள் விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்கள் சில இருந்தன. அவர் அவற்றைப் பழைய வேட்டித் துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைத்திருந்தார். பொங்கலன்று எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அவர் மறைந்த பின், பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று நான்தான் கடையில் வாங்கிய ஓர் ஆல்பத்தில் அவற்றைச் செருகி அலமாரியில் வைத்தேன். ஆறு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காசுகளின் மேல் விளக்கெண்ணெய் தடவியது போன்ற பிசுபிசுப்பு. அரசியின் கன்னத்திலும் ஆடையின் பூவேலை இடுக்குகளிலும் பச்சைப் படிவு. இத்தனை பேர் கைபட்டும் டப்பாவில் இருந்தவரை அவற்றுக்கு இப்படி ஒன்று நேர்ந்ததில்லை.

காரணம் அந்த ஆல்பத்தின் பி.வி.சி. பிளாஸ்டிக். அது துணிபோல வளைந்துகொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் நாளடைவில் கசிந்து காசின்மேல் படிகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிப்படுகிறது. அந்தக் கால ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எஞ்சியது செம்பு. அந்தச் செம்பை அமிலம் தாக்குவதால் வருவதுதான் பச்சை நிறம். நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும் இதை இன்னும் விரைவுபடுத்துகின்றன. புது மழைக்கோட்டின் வாடை அடித்து, தொட்டால் குழைவாக இருக்கும் உறை எதுவாயினும் ஐயத்துக்குரியது. விறைப்பாக, கசக்கினால் சரசரக்கும் மைலார் (ஒருவகைப் பாலியஸ்டர் படலம்) உறைகளும், இறுக்கமாக மூடும் கெட்டியான அக்ரிலிக் காப்ஸ்யூல்களும் இத்தகைய தீங்கு செய்வதில்லை. பிசுபிசுப்பைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால், காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பில்லாமல், கலப்பற்ற அசிட்டோன் என்னும் கரைப்பானில் காசை ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலர்த்தினால் நீங்கிவிடும். உலோகத்தை அரித்துவிட்ட பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. என் காசுகளில் இரண்டு அந்த நிலைக்குப் போய்விட்டன.

கையால் தொடுவதில் தீங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாக மெருகேற்றி அச்சடிக்கும், கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் நாணயத்தில் விரல் பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் ரேகை பழுப்பாக எழும்பி, பின்பு எதற்கும் போகாது. நாணயச் சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் புத்தம்புதுக் காசுகளை உறையைவிட்டு எடுக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் ஊர் ஊராகக் கைமாறித் தேய்ந்த காசுக்கும் அதே சட்டத்தை விதிப்பது பொருத்தமாகப் படவில்லை.

கையில் எடுத்துப் பார்க்காமல் காசை அறிந்துகொள்ள முடியாது என்பதே என் முக்கியமான வாதம். 1862 என்ற ஆண்டெண்ணை மாற்றாமலேயே 1874 வரை ரூபாய்களை அச்சடித்தார்கள். பின்புறத்தில் உள்ள கடுகினும் சிறிய புள்ளிகளைக் கொண்டே சேகரிப்பாளர்கள் அவற்றை வகை பிரிக்கிறார்கள். காசை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் அந்தப் புள்ளிகள் கண்ணில் படும். 1940இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டபோது, கள்ளக்காசைத் தடுக்க விளிம்பில் தனி வரிப்பள்ளம் ஒன்றை அமைத்தார்கள். அட்டை உறையில் வைத்து நாற்புறமும் பின் அடித்துவிட்டால் மறைந்துபோவது அந்த விளிம்புதான். எடையும் அப்படியே. அசல் விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், எடுத்துப் பழகிய கைக்குப் போலியின் கனக்குறைவு தராசுக்கு முன்பே தெரிந்துவிடும். விலையுயர்ந்த, போலிகள் மலிந்த காசுகளைத் தரச்சான்றுடன் முத்திரையிட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் (ஸ்லாப்) வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால், ஒரு பக்கம் நின்றும் மறுபக்கம் அமர்ந்தும் மன்னர் காட்சிதரும் இராசராசனின் செப்புக்காசைப் பள்ளி மாணவர் ஒருவர் கையில் வைத்து, அருகிலுள்ள நாகரி எழுத்துகளை விரலால் தேட விடுவதில் கிடைக்கும் பயனை எந்தப் பெட்டியும் தராது என்பது என் அனுபவம்.

அதற்கு முறை உண்டு. சோப்பிட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த கையால், மேசைமேல் மடித்த துணியை விரித்து, அதற்கு நேர்மேலே, இரு விரல்களால் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். எச்சில் தெறிக்கும் என்பதால் காசுக்கு நேராகக் குனிந்து பேசக்கூடாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது; அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூசைப் பாத்திரம் விளக்குவதுபோல் புளியோ திருநீறோ போட்டுத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நூற்றாண்டுகளாகப் படிந்த பழுப்புப் படலம் போய், வெளுத்த இளஞ்சிவப்பில் மழுங்கிக் கிடக்கும் சோழர் காசுகளைக் கண்காட்சிகளில் காணும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது. தொடுவதால் நேரும் கேட்டைவிட இந்தத் துலக்கலால் நேரும் கேடு பன்மடங்கு பெரிது.

தங்கள் கட்டுரையைப் படித்து, ஏதோ ஒரு பிளாஸ்டிக் ஆல்பத்தை வாங்கி வந்த வாசகர்கள் பலர் இருக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவர்கள் தங்கள் ஆல்பங்களை ஒருமுறை திறந்து, முகர்ந்து, பக்கங்கள் ஒட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் வகையில், உறையின் வகை குறித்த விளக்கத்தையும் அதே பகுதியில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.