மூக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு ஸ்கேன் அறையிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, மூக்குத்தண்டு கோணிவிட்டது என்றோ ஒரு பக்கம் குழிந்துவிட்டது என்றோ எங்களிடம் வருவோரின் சீட்டில் பெரும்பாலும் 'மூக்கு, அல்ட்ராசவுண்ட்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. மூக்கின் வடிவைத் திருத்த ஒட்டாக வைத்த குருத்தெலும்பு விலாவிலிருந்து எடுத்ததா, காதுமடலிலிருந்தா, மூக்கின் நடுச்சுவரிலிருந்தா, எவ்வளவு தடிமனில் எங்கே வைக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இல்லை. இன்று 2 மில்லிமீட்டர் தெரிகிறது என்றால், அது கரைந்தது போக மிஞ்சியதா, வைத்ததே அவ்வளவுதானா?

ஆகவே, வீக்கம் ஓரளவு வடிந்ததும் முதல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். நீங்கள் நம்பும் புகைப்படம் தோலின் மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது. மூக்கு தணிந்தது வீக்கம் வடிந்ததாலா, ஒட்டு கரைந்ததாலா என்று அது பிரித்துச் சொல்லாது. 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட புரோபில் (தோல்மேல் வைத்து ஒலியலை அனுப்பும் கைக்கருவி) தோல் தனியாகவும், அதன் கீழே குருத்தெலும்பு கருமையான பட்டையாகவும், எலும்பு பின்னால் நிழல் விழும் வெண்கோடாகவும் தெரிவதால், தோல், குருத்தெலும்பு இரண்டின் தடிமனையும் தனித்தனியே அளக்கலாம். ஒட்டாக வைத்த விலாக் குருத்தெலும்பு வளைவது ஏன் என்பதை கிப்சன், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 1958-லேயே விளக்கி, குருத்தெலும்புக்குள் இருக்கும் இழுவிசை சமப்படும்படி இருபுறமும் ஒத்துச் செதுக்கச் சொன்னார்கள். அப்படிச் செதுக்கியும் சில வளையத்தான் செய்கின்றன. தோல் தடித்திருக்கையில் வெளியே தெரியாத அந்த வளைவை நெடுக்குவெட்டுப் படத்தில் காணலாம். பொடியாக நறுக்கித் திசுப்படலத்தில் சுற்றி வைத்த ஒட்டில் மட்டும் விளிம்பைக் குறிப்பது கடினம்; அங்கே மொத்தத் தடிமனை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அளப்பதே நம்பகமானது.

இதற்கு எல்லைகளும் உண்டு. மூக்கினுள் இருக்கும் காற்றும் மேலே மூடிய எலும்பும் ஒலியைத் தடுப்பதால், நடுச்சுவரின் ஆழமான பகுதியில் வைத்ததை எங்களால் சரியாகக் காட்ட முடியாது. புரோபைச் சற்று அழுத்தினாலே தோலின் தடிமன் மாறிவிடும். ஜெல்லைத் தாராளமாக வைத்து, தொட்டும் தொடாமலும் பார்க்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஆனாலும் சி.டி. ஸ்கேனின் கதிர்வீச்சு இதில் இல்லை, எம்.ஆர்.ஐ. அளவுக்குச் செலவும் இல்லை என்பதால், ஒரே நோயாளியைப் பலமுறை பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

'சிறிய அல்ட்ராசவுண்ட் கருவி ஒன்றை எங்கள் கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டால் என்ன?' என்று உங்களில் சிலர் கேட்டதுண்டு. கருவிலேயே பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த இடத்தையும் கருவியையும் பதிவு செய்யாமல் அது கூடாது. மூக்கில் ஆணா பெண்ணா என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நியாயம் அதிகாரிகளிடம் எடுபடாது. பதிவு கிடைக்கும்வரை நோயாளியை எங்களிடம் அனுப்புங்கள். கூடவே அறுவைக் குறிப்பின் நகலையும், ஒட்டு எங்கே இருக்கிறது என்று நீங்கள் கையால் வரைந்த படத்தையும் அனுப்புங்கள். முதல் சில ஸ்கேன்களின்போது நீங்களே வந்து பக்கத்தில் நின்றால், திரையில் தெரியும் கருமை நீங்கள் வைத்த ஒட்டா, இயற்கையாக இருந்த குருத்தெலும்பா என்ற ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
கதிரியக்கவியல் மருத்துவர் ஒருவர்