ஊற்றுக்கு மேலே கூடாரம் வேண்டாம்

எங்கள் மலைக்கு ஆட்களைக் கூட்டிவரும் ட்ரெக்கிங் குழு அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் மூன்று நாள் தொடர் விடுமுறையில் இங்கே நடந்தது உங்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும். எந்தக் குழு என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு முன்னால் வந்தவர்களும் அதையேதான் செய்தார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். எங்கள் ஊற்றுக்கு மேலே கூடாரம் போடாதீர்கள்.

தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கு எங்கள் குடியிருப்பு மூச்சு வாங்க ஐந்து நிமிடம் நிற்கிற இடம். முப்பதுக்கும் குறைவான வீடுகள். காபி, மிளகு, கொஞ்சம் ஏலம், கீழ்ச்சரிவில் இலவமரம். ரோடு கிடையாது. அரிசியும் உரமும் குதிரை மேல்தான் வரும். யாருக்காவது முடியாமல் போனால் டோலி கட்டித்தான் இறக்குகிறோம். நீங்கள் ட்ரெக்கிங் ரூட் என்று சொல்வது எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பாதை.

தண்ணீருக்கு மோட்டார் இல்லை. மேலே சோலைக்கு அடியில், பாறை இடுக்கில் ஒரு ஊற்று இருக்கிறது. அதில் சின்னதாகத் தடுப்புக் கட்டி, கருப்பு ஓஸ் போட்டு, ஒன்றரை கிலோமீட்டர் இழுத்து ஊர்த் தொட்டியில் விட்டிருக்கிறோம். ஓஸ் வாயில் கொசுவலை கட்டியிருப்போம். நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. இலை அடைப்பதும், யானை மிதித்து ஓஸ் பிய்ந்து போவதும் வழக்கம்தான். நானும் தம்பியும் ஓஸைப் பிடித்துக்கொண்டே ஏறினோம். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. ஊற்றில் போய்ப் பார்த்தால், கொசுவலையை மூடி ஒட்டிக்கொண்டு ஈர டிஷ்யூ. ஒன்றிரண்டு இல்லை, கை கொள்ளாத அளவு. மலம் துடைத்தவை. அதை நான் என் கையால்தான் பிடுங்கி எடுத்தேன். ஊற்றுக்கு நேர் மேலே இருக்கும் சமதரையில் பன்னிரண்டு கூடாரம் அடித்த தடம், அணைக்காமல் விட்ட அடுப்பு, நூடுல்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட். ஓடைக்கரையில் கால் வைக்க இடமில்லை.

சனிக்கிழமை இரவு முழுக்க நாங்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

தொட்டியைத் திறந்துவிட்டுக் கழுவ பிளீச்சிங் பவுடர் வேண்டும். அதற்குத் தம்பி கீழே இறங்கி ஏறினான். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஓஸைக் கழற்றி அலசி, திரும்ப மாட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பெண்கள் கீழ் ஓடைக்கு இறங்கித் தலையில் குடம் வைத்து ஏறினார்கள். என் அத்தைக்கு எழுபது வயது, முழங்கால் மடங்காது. பக்கத்து வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்கக் கூச்சப்பட்டு, ஒரு பகல் முழுக்கக் குடிக்காமலே இருந்திருக்கிறார். அது எங்களுக்கு ராத்திரிதான் தெரிந்தது. அந்த வாரம் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரால்தான் வந்தது என்று காட்ட என்னிடம் காகிதம் எதுவும் இல்லை. அந்தத் தண்ணீரை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்களுக்கு விதி தெரியாது என்று நான் நம்பவில்லை. தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளிப் போ, அரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி மூடு, துடைத்ததைப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டு போ. ட்ரெக்கிங் பழகுகிறவர்களுக்கு உலகம் முழுக்க முதலில் சொல்லித் தருவது இதைத்தான். எங்கள் சரிவில் அந்த 200 அடியும் போதாது. இங்கே மண் மெல்லிசு, கீழே பாறை. மேலே எதை விட்டாலும் ஒரு மழைக்கு ஊற்றுக்கு வந்துவிடும். ஈர டிஷ்யூ பலவற்றில் பிளாஸ்டிக் நூல் இருக்கிறது, அது மட்காது. சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து மெல்லக் கசிய விடுவதால்தான் கோடையிலும் இங்கே தண்ணீர் இருக்கிறது. இதேதான் கொட்டகுடி ஆறாக இறங்கி, போடியைத் தாண்டி வைகைக்குப் போகிறது. ஆக, கெடுவது எங்கள் தொட்டி மட்டும் இல்லை.

வராதே என்று யாரையும் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. பதிவு செய்து, உள்ளூர்ப் பையன்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வருகிறவர்களால் எங்களுக்குத் தொந்தரவு இல்லை. பையன்களுக்கு நாலு காசும் கிடைக்கிறது. தொந்தரவு மற்றவர்களால். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், ஜீப் ரோடு ஏறுவது கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து. அந்தப் பக்கம் ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டு, அனுமதி இல்லாமல் புல்வெளி வழியாக எங்கள் பக்கம் இறங்குகிறீர்கள். எல்லையில் யார் கேட்பது என்பது தெளிவாக இல்லாததை நீங்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறீர்கள்.

2018 மார்ச் 11-ஐ உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது என்பதே வருத்தமாக இருக்கிறது. கொழுக்குமலையிலிருந்து இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர் போனது. முதலில் ஓடியது மலைக்காரர்கள். போர்வையில் கம்பு கோத்துத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் குடத்தில் எடுத்துக்கொண்டு ஓடியது இதே ஊற்றின் தண்ணீரை. காய்ந்த புல்லுக்கு நடுவில் அணைக்காமல் விட்ட அந்த அடுப்பைப் பார்த்தபோது என் கை நடுங்கியது.

அப்புறம் உங்கள் வீடியோக்கள். “யாரும் கால் வைக்காத இடம்” என்று எங்கள் ஊற்றைக் காட்டிப் போட்டிருக்கிறீர்கள், மேப்பில் இடத்தையும் குறித்து. என் தாத்தா கட்டிய தடுப்பு அந்தப் படத்திலேயே தெரிகிறது. ராத்திரியில் ஸ்பீக்கரில் பாட்டு; யானை நடக்கிற தடத்தில் நின்றுகொண்டு டார்ச் அடிக்கிறீர்கள். யானை மிரண்டால் அது இறங்கப் போவது எங்கள் தோட்டத்துக்குள். நீங்கள் திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் இருப்பீர்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னியுங்கள். எழுத வந்தது சண்டைக்கு இல்லை. குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். இப்போது வருவதைப் போலப் பல மடங்கு கூட்டம் அன்றைக்கு வரும். அதற்குள் இந்த ஒரு பழக்கமாவது மாற வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன்.

தயவுசெய்து ஊற்றுக்கு மேலே கூடாரம் போடாதீர்கள். ராத்திரி தங்க வேண்டுமானால் அடிவாரத்தில் தங்கி, பகலில் அனுமதியோடு ஏறி இறங்குங்கள். வரும்போது முதலில் ஊருக்குள் வாருங்கள். ஊற்று எங்கே இருக்கிறது, ஓஸ் எந்த வழியாகப் போகிறது என்று யாராவது ஒருவர் கூடவே வந்து காட்டுவோம், காசு வேண்டாம். போன மாதம் வந்தவர்கள் விட்டுப்போன குப்பை இரண்டு சாக்கில் கட்டி என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அடுத்த முறை இறங்கும்போது அதை எடுத்துக்கொண்டு போனால் நன்றியோடு இருப்போம்.

இப்படிக்கு,
குரங்கணிக்கு மேலே குடியிருக்கும் ஒரு காபி விவசாயி